செம்பு தந்த நீலம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு மூதூரைத் தாண்டிப் போனால் சேருவில வரும். காவன்தீச மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் விகாரையால் பெயர்பெற்ற ஊர். அந்த ஊரின் மண்ணுக்கடியில் செம்பு இருக்கிறது. 1971இல் புவியியல் அளவைத் திணைக்களத்தார் அங்கே இரும்பும் செம்பும் கலந்த கனிமப் படிவைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன அந்தப் பகுதியை ஆராய்ந்து, முற்கால மனிதருக்கும் அந்த உலோகத்துக்கும் இருந்த தொடர்பைப் பற்றி விரிவாக எழுதினார்.

அதே 1971இல் இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் பொஸ்பேற்றுப் பாறை அகப்பட்டது. இன்று அது உரத்துக்குப் போகிறது. அலுமினியத்தைத் தேடிப் போகவே வேண்டாம். நாட்டின் களிமண் எங்கும் அது உண்டு.

செம்பு, பொஸ்பேற்று, அலுமினியம், கொஞ்சம் நீர். இந்த நான்கும் இயற்கையில் ஒன்றுகூடிக் கல்லானால் அதற்குப் பெயர் ஃபிரோசா. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்காரர்கள் டர்க்காய்ஸ் என்பார்கள். ஒளி ஊடுருவாத, வானத்தின் நீலமும் ஆழமில்லாக் கடலின் பச்சையும் கலந்த கல். நிலாவெளி, உப்புவெளி போல உல்லாசப் பயணிகள் வந்துபோகும் கடலோர ஊர்களில் வெள்ளி மோதிரத்தில் பதித்து விற்கப்படுகிற நீலக் கல் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் விற்கப்படுகிறது. கலவைக்கு வேண்டிய எல்லாமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இரத்தினத் தீவு என்று உலகம் புகழ்ந்த இலங்கையில் இந்தக் கல் விளைவதில்லை. ஏன் விளையவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், மோதிரத்தை எப்படி வாங்குவது, எப்படி அணிவது என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

இரத்தினபுரியின் நீலக்கல்லை முதலில் பார்ப்போம். அது பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. பிறகு மலை தேய்ந்து, ஆறு அதை உருட்டிக்கொண்டு வந்து, சுரங்கக்காரர்கள் இல்லம் என்று அழைக்கும் சரளைப் படுகையில் சேர்த்தது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரம் 10 என்றால் நீலக்கல் 9. ஆற்றில் எத்தனை ஆயிரம் ஆண்டு உருண்டாலும் அது கரையாது. ஃபிரோசாவின் கடினம் 5க்கும் 6க்கும் இடையில்தான். ஆற்றுச் சரளையில் அகப்பட்டால் மாவாகிவிடும்.

அது பிறக்கும் விதமும் வேறு. செம்புக் கனிமம் உள்ள பாறையில் எப்போதாவது பெய்யும் மழைநீர் மெல்ல இறங்க வேண்டும். அந்த நீர் செம்பைக் கரைத்துக்கொண்டு, அலுமினியமும் பொஸ்பேற்றும் உள்ள பாறைகளின் வெடிப்புகளில் தங்கி, வற்றி, மெல்லிய நரம்புகளாகவும் சிறு முண்டுகளாகவும் இறுக வேண்டும். இதற்கு வறண்ட நிலம் தேவை. உலகின் பேர்பெற்ற ஃபிரோசாச் சுரங்கங்கள் பாலைவனங்களிலும் வறண்ட மலைகளிலும் இருப்பது இதனால்தான். திருகோணமலையோ உலர் வலயம் என்று பள்ளிப் புத்தகத்தில் இருந்தாலும், ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீற்றர் மழை பெறும் ஊர். வடகீழ்ப் பருவமழை கரைத்தெடுக்கும் செம்பு, ஓரிடத்தில் தங்கி இறுகுமுன் அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

நிறத்திலும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நீலக்கல்லின் நீலம், அதற்குள் சொற்பமாக நுழைந்த இரும்பும் டைட்டேனியமும் தந்தது. அவை இல்லாவிட்டாலும் அது அதே கனிமம்தான், நிறமில்லாமல் இருக்கும். ஃபிரோசாவின் நீலம் அதன் உடம்பிலேயே இருக்கும் செம்பிலிருந்து வருகிறது. செம்பை எடுத்துவிட்டால் ஃபிரோசாவே இல்லை. இரும்பு கொஞ்சம் கலந்தால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். சில கற்களில் கருப்பாகவோ பழுப்பாகவோ ஓடும் வலைக்கோடுகள், அது குடியிருந்த தாய்ப்பாறையின் மிச்சம்.

மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைச் சிலப்பதிகாரம் விரிவாகக் காட்டுகிறது. அங்கே எண்ணப்படும் ஒன்பது மணிகளில் ஃபிரோசா இல்லை. நவரத்தினக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. நம் முன்னோர் கையிலெடுத்த கற்கள் பெரும்பாலும் இந்தியாவின் ஆறுகளும் இலங்கையின் சரளையும் மன்னார்க் கடலும் கொடுத்தவை. ஃபிரோசா மேற்கிலிருந்து வந்த விருந்தாளி.

எகிப்தியர்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சினாய்த் தீபகற்பத்தில் இதைத் தோண்டினார்கள். அங்குள்ள செராபித் எல்-காதிமில், ஃபிரோசாவின் தலைவி என்று போற்றப்பட்ட ஹாத்தோர் தெய்வத்துக்கு எழுப்பிய கோயிலின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. ஈரானின் நிசாப்பூர் மலைகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்தக் கல் எடுக்கப்படுகிறது. அங்கிருந்து வந்த, கோடே இல்லாத தூய வான்நீலம்தான் நெடுங்காலம் உலகச் சந்தையின் அளவுகோல். பதினோராம் நூற்றாண்டில் அல்-பீரூனி இரத்தினங்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்குத் தனி இடம் தந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோ, கெர்மான் மலைகளின் ஃபிரோசாவையும் இலங்கையின் மாணிக்கத்தையும் நீலத்தையும் ஒரே பயணக் குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்.

இந்தியத் துணைக்கண்டத்திலேயே இந்தக் கல்லைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற ஊர் லடாக். அங்கே பெண்கள் விசேட நாட்களில் அணியும் பெராக் என்ற தலையணி, நெற்றியிலிருந்து முதுகுவரை இறங்கும் ஒரு நீண்ட தோல் பட்டை. அதன்மேல் வரிசை வரிசையாக ஃபிரோசாக் கற்கள் தைக்கப்பட்டிருக்கும். தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும் சொத்து அது. ஒரு குடும்பத்தின் வசதியை அதில் உள்ள கற்களைப் பார்த்தே ஊர் கணித்துவிடும்.

இந்தக் கதையில் கல் பாதிதான். மீதிப் பாதி வெள்ளி, அதற்குத் திருகோணமலையோடு நேரடியான, பழைய உறவு இருக்கிறது.

1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவரையும் அவருடைய பத்தொன்பது வயது மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அன்றைய காசுகளைப் பற்றிய பகுதி, வெள்ளியைப் பற்றி அறிய விரும்பும் எவருக்கும் பொக்கிஷம்.

தூண்டில் முள் வடிவில் வளைந்த வெள்ளிக் கம்பியே காசாகப் புழங்கியதாம். மன்னனின் அனுமதியோடு யாரும் அதைச் செய்துகொள்ளலாம்; விரும்பிய முத்திரையைக் குத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வெள்ளியின் தரத்தில் சந்தேகம் வந்தால், காசை நெருப்பில் செக்கச்செவேலென்று பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெளியே எடுக்கும்போது அது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் செல்லாக் காசு. அக்காலத்தில் உலகெங்கும் ஓடிய ஸ்பானிய வெள்ளிக் காசைவிட இது தூய்மையானது என்று நொக்ஸ் சாட்சி சொல்கிறார்.

அந்தத் தூண்டில் காசின் மூதாதை லாரின். பாரசீகத்தின் லார் நகரத்துப் பெயர் பெற்ற, வளைகுடா வணிகத்தோடு இந்துமாக்கடல் துறைமுகங்களெங்கும் பரவிய வெள்ளிக் கம்பிக் காசு அது. தூய வான்நீல ஃபிரோசாவின் தாய்நாடும் பாரசீகம்தான். இலங்கையில் பெயர்சொல்லும்படியான வெள்ளிச் சுரங்கம் இல்லாததால், இங்கே கொலுசும் அரைஞாணுமாக மாறிய வெள்ளியில் பெரும்பகுதி கப்பலில் காசாக வந்து உருக்கப்பட்டதுதான். பிரித்தானியர் காலத்திலும் இதே வழக்கம். 1872 முதல் இலங்கையின் நாணயம் ரூபா ஆனது. அன்றைய பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபா 11.66 கிராம் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எங்கள் பாட்டிமாரின் நகைப்பெட்டியில் உள்ள பழைய வெள்ளியில் இந்த ரூபாக்கள் கரைந்திருக்கின்றன. 1940இல் ரூபாவின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டதோடு அந்த ஊற்று வற்றியது.

இன்று கடைகளில் ஸ்டேர்லிங் என்று சொல்லப்படும் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு வேறு உலோகமும் கொண்டது. அந்த 75 பங்கு வழக்கமாகச் செம்பு. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கப்பட்ட தரம் இது. தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் மோதிரம் செய்தால் ஒரு வாளி தண்ணீர் தூக்கியதும் நெளிந்துவிடும். செம்புதான் அதற்கு முதுகெலும்பு தருகிறது.

இங்கேதான் ஒரு சுவையான முரண். ஸ்டேர்லிங் வெள்ளியைப் பழுக்கக் காய்ச்சினால் அதிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கருத்துவிடும். தண்ணீரில் போட்டாலும் அந்தக் கருமை போகாது. அதாவது இன்று உலகம் மதிக்கும் 925 தரம், கண்டி அரசின் அந்த நெருப்புச் சோதனையில் தேறாது. நெருப்பும் நீரும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாகத் தரம் பார்க்கத் தெரிந்த மக்கள், நல்ல வெள்ளி எது என்று அறிய வேறொருவர் குத்தும் முத்திரைக்காகக் காத்திருக்கவில்லை.

இனி, கையால் செய்யும் மோதிரம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டவர் ஒருநாளும் மோதிரத்தின் விலையை வெறும் எடைக்கணக்கில் பேசமாட்டார்.

வெள்ளித் துண்டுகளை மூசையில் இட்டு, வெங்காரம் தூவி உருக்குவார்கள். வெங்காரம் காற்றைத் தடுத்து, அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். தூய வெள்ளி உருகச் சுமார் 962 பாகை செல்சியஸ் வேண்டும். செம்பு கலந்த ஸ்டேர்லிங் 890 பாகையை ஒட்டியே முழுதும் உருகிவிடும். உருகியதை அச்சில் ஊற்றிச் சலாகையாக்கி, அதைத் தட்டித் தகடாக்கலாம். அல்லது துளைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் எஃகுத் தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்கலாம். இழுக்க இழுக்க வெள்ளி இறுகி, முறிந்துவிடும் நிலைக்கு வரும். உடனே மங்கலான செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆற்றினால் மறுபடி இளகும். தட்டுவதும் காய்ச்சுவதுமாக இது பலமுறை நடக்கும். எத்தனை முறை என்பதைத் தட்டாரின் காது சொல்லும். இறுகிய வெள்ளி சுத்தியலுக்குத் தரும் ஓசையே வேறு.

கம்பியைக் கூம்பு இரும்பில் வளைத்து வளையமாக்கி, இரு முனைகளும் இடைவெளியே தெரியாதபடி அரத்தால் தேய்த்துச் சேர்த்து, பற்றாசு வைத்து ஊதுவார்கள். பற்றாசும் வெள்ளிதான், செம்பும் துத்தநாகமும் கூடக் கலந்திருப்பதால் மோதிரத்துக்கு முன்னால் உருகும். இந்த இடைவெளி சில பத்துப் பாகைதான். ஊதுகுழலின் சுடர் ஒரு கணம் தவறினால் பற்றாசோடு மோதிரமும் உருகிப் போகும்.

அடுத்தது கல்லுக்கு வீடு. ஃபிரோசாவுக்கு முகம் முகமாகப் பட்டை தீட்டுவதில்லை. ஒளி புகாத கல்லுக்குப் பட்டையால் பயனில்லை. அடி தட்டையாகவும் மேல் குமிழாகவும் வழவழவென்று தேய்ப்பார்கள். வைர மோதிரத்தில் பார்க்கும் கொக்கிகள் இதற்கு ஆகாது. மென்மையான கல் என்பதால் கொக்கி அழுத்தும் இடத்தில் விளிம்பு உடைந்துவிடும். ஆகவே கல்லின் சுற்றளவுக்கு ஒரு மெல்லிய வேலி எழுப்புவார்கள். இந்த வேலிக்கு மட்டும் பெரும்பாலும் தூய வெள்ளியையே எடுப்பார்கள், நகத்தால் அழுத்தினாலே மடியும் அளவுக்கு அது இளக்கமானது. வேலியை அடித்தகட்டோடு பற்றவைத்து, அடித்தகட்டை வளையத்தோடு பற்றவைத்து, அமிலத்தில் இட்டுக் கருமை போக்கி, அரம் போட்டுத் தேய்த்து, எல்லா நெருப்பு வேலையும் முடிந்த பிறகுதான் கல் உள்ளே போகும். காரணம் எளிது: ஃபிரோசாவின் உடம்பில் நீர் இருக்கிறது. சில நூறு பாகை வெப்பம் பட்டால் அந்த நீர் வெளியேறி, கல் நிறமிழந்து வெடித்துவிடும்.

கல்லை வைத்தபின் வேலியின் விளிம்பை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாய்ப்பார்கள். வடக்கில் ஓர் அழுத்து, தெற்கில் ஓர் அழுத்து. பிறகு கிழக்கு, மேற்கு. ஒரே பக்கமாகச் சுற்றிவந்தால் வெள்ளி ஓரிடத்தில் சேர்ந்து மடிப்பு விழும். கடைசியில் வழவழப்பான எஃகுக் கோலால் தேய்க்கும்போது வேலி கல்லைத் தழுவிப் படிந்துவிடும். இந்த வேலையில் உள்ள நிதானம் எந்த இயந்திரத்துக்கும் இன்னும் வரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

சந்தையில் கைவேலை என்று எழுதி விற்கப்படுவதெல்லாம் இப்படிச் செய்யப்பட்டவை அல்ல. மெழுகு அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் எடுத்து, கல்லை மட்டும் கையால் பதித்தவையும் அதே பெயரில் விற்கின்றன. வார்ப்பு மோதிரம் குறைந்த பொருள் என்று பொருளில்லை. ஆனால் அதற்குரிய விலை வேறு. கையால் செய்ததை அடையாளம் காண வளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள். பற்றவைத்த மெல்லிய கோடு தெரியலாம். இரண்டு மோதிரங்களை அருகருகே வைத்தால் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். அச்சில் வார்த்தவை இரட்டைப் பிள்ளைகளாக ஒத்திருக்கும்.

வெள்ளி மோதிரத்துக்குத் திருகோணமலை மாவட்டத்தில் சமயம் சார்ந்த ஒரு மதிப்பும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். கிண்ணியாவும் மூதூரும் அவர்களின் பழைய ஊர்கள். இஸ்லாமிய ஆண்கள் தங்கம் அணிவதில்லை. வெள்ளி மோதிரத்துக்குத் தடையில்லை. நபிகள் நாயகம் அபிசீனியக் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்ததாக ஹதீஸ் நூல்களில் பதிவிருக்கிறது. ஈரானிலும் ஈராக்கிலும் ஃபிரோசா பதித்த வெள்ளி மோதிரம் பக்தியோடு அணியப்படுகிறது. இலங்கையின் இரத்தின வணிகத்தில் பேருவளைச் சீனக்கோட்டை முஸ்லிம் வணிகரின் பெயர் பெரியது; கல்லைக் கண்ணால் எடைபோடும் கலை அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. தமிழ் இந்துக்களிடமோ வெள்ளி காலுக்குரியது: கொலுசும் மிஞ்சியும். தங்கத்தை இடுப்புக்குக் கீழே அணியத் தயங்குபவர்கள், விரலில் வெள்ளி மோதிரம் போட அண்மைக்காலமாகத் தயங்குவதில்லை.

சரி, வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கல் இயற்கையானதா?

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஆம் என்பார். அது முழுப் பொய்யாகவும் இருக்காது. சிக்கல் அங்கேதான். சுரங்கத்திலிருந்து வரும் ஃபிரோசாவில் மிகச் சிறு பங்குதான் அப்படியே வெட்டித் தேய்த்து மோதிரத்தில் வைக்கும் உறுதி கொண்டது. இதுவே இயற்கைக் கல் என்ற பெயருக்கு முழு உரிமையுடையது. மீதியில் பெரும்பகுதி, மண்பானையைப் போல ஈரத்தை உள்ளே இழுக்கும் நுண்துளைகள் நிறைந்தது. அதற்குள் பிசினைச் செலுத்தி இறுகவைக்கிறார்கள். அதுவும் உண்மையான ஃபிரோசாதான், ஆனால் பதப்படுத்தியது. விலை குறைய வேண்டும். அதற்கும் கீழே, தூளைப் பிசினோடு குழைத்து அச்சில் அழுத்திய கல் இருக்கிறது. நிறம் கூட்டுவதற்காகச் சாயம் ஏற்றியதும் உண்டு.

இவை எதிலும் அடங்காத, ஃபிரோசாவின் ஒரு துகள்கூடச் சேராத போலிதான் மலிவுச் சந்தையில் அதிகம். ஹௌலைற்று, மக்னசைற்று என்ற இரண்டு வெள்ளைக் கனிமங்களில் நீலச் சாயம் ஏற்றினால் பார்வைக்கு அச்சு அசல் ஃபிரோசா. ஹௌலைற்றில் இயற்கையாகவே சாம்பல் நிற வலைக்கோடு ஓடுவதால் வேடம் இன்னும் பொருந்திவிடுகிறது. கண்ணாடியும் பிளாஸ்திக்கும் தனி. 1970களில் பிரான்ஸின் பியேர் ஜில்சன் ஆய்வுகூடத்திலேயே ஒரு வகை ஃபிரோசாவைத் தயாரித்துச் சந்தைக்கு விட்டார்.

வீட்டில் இருந்தபடி எதைப் பார்க்கலாம்? ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். சாயம் ஏற்றிய கல்லில் நீலம் வெடிப்புகளிலும் துளையிட்ட இடங்களிலும் அடர்ந்து தேங்கியிருக்கும். உண்மைக் கல்லின் வலைக்கோடுகள் ஒழுங்கில்லாமல், சில இடங்களில் மேற்பரப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கடை முழுக்க எல்லாக் கல்லும் ஒரே நீலமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கல்லின் மறைவான ஓரத்தில் தேய்த்தால் சாயம் பஞ்சில் ஏறும். ஆனால் நல்ல கல்லாக இருந்தால் அதற்குக் கேடு என்பதால், சொந்தமாகிவிட்ட மோதிரத்தில் இதைச் செய்யாதீர்கள். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வோரின் பேச்சையும் கேட்க வேண்டாம். பிசின் ஏற்றப்பட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை வேண்டும். அது இரத்தினக்கல் ஆய்வுகூடத்தின் வேலை.

வெள்ளிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 925 என்ற எண்ணை யாரும் குத்தலாம். எண் மட்டும் சான்றாகாது. ஜேர்மன் சில்வர் என்ற பெயரில் வரும் உலோகத்தில் வெள்ளி ஒரு துளியும் இல்லை; அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

இந்த ஏமாற்று எல்லா உல்லாசப் பயண ஊர்களுக்கும் பொதுவானது. ஃபிரோசாவும் வெள்ளியும் சேர்ந்த மோதிரத்தை உலகப் புகழ் பெறச் செய்த அமெரிக்காவின் நவஹோ மக்களின் வரலாறு இதற்குப் பாடம். அவர்கள் வெள்ளி வேலை கற்றது 1860களை ஒட்டி. ஃபிரோசாவை வெள்ளியில் பதிக்கத் தொடங்கியது 1880 வாக்கில். அவர்களும் முதலில் உருக்கியது காசுகளைத்தான், அமெரிக்க வெள்ளி டொலரும் மெக்சிக்கோ பெசோவும். ரயில் பாதை வந்தது, பயணிகள் வந்தார்கள். 1899 முதல் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் பயணிகளுக்கென்று எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லி வாங்கியது. கொஞ்ச காலத்தில் தொழிற்சாலைப் போலிகள் சந்தையை நிறைத்தன, கைவினைஞரின் கூலி சரிந்தது. கடைசியில் 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது: பழங்குடிக் கைவினைஞர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால் சிறைத்தண்டனை வரை போகலாம். அரிசோனாவின் பேர்பெற்ற ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் 2012இல் ஃபிரோசா எடுப்பது நின்றது. இன்று சீனாவின் ஹூபேய் மாகாணம் பெருமளவு கல்லைத் தருகிறது. ஜெய்ப்பூர்ப் பட்டறைகள் வெள்ளியில் பதித்து உலகெங்கும் அனுப்புகின்றன. நல்ல கல் அரிதாக அரிதாக, போலி செய்யும் ஆசையும் வளர்கிறது.

வாங்கிவிட்டீர்கள் என்றால், பேணுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். நுண்துளைக் கல் என்பதை மறக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய், வியர்வை, வாசனைத் திரவியம், சவர்க்காரம் எல்லாம் அதற்குள் இறங்கும்; நாளடைவில் நீலம் பச்சையாகும். அணிந்தவருக்கு ஆபத்து வந்தால் ஃபிரோசா நிறம் மாறிக் காட்டும் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பினார்கள். மாற்றியது விதியல்ல, அவர்களின் தோலும் எண்ணெயும்தான். சமைக்கும்போதும், குளிக்கும்போதும், கோவிலில் சந்தனம் குழைக்கும்போதும் கழற்றி வையுங்கள். வெள்ளி மினுக்கும் கடைத் திரவத்தில் ஃபிரோசா மோதிரத்தை முக்கவே கூடாது. மெல்லிய துணியால் வெள்ளியை மட்டும் துடைத்தால் போதும்.

கடலிலும் வேண்டாம். நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவில் முக்குளிக்கப் போகிறவர்கள் மோதிரத்தைக் கரையிலேயே விட்டுப் போவது நல்லது. உப்புநீர் வெள்ளியை என்ன செய்யும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. 1956இல் திருகோணமலையின் சுவாமி மலையடிக் கடலில் முழுகி, பழைய கோணேசர் கோவிலின் தூண்களைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன், 1961இல் தென்கரையின் பெரிய பாசுப் பாறைக்கருகே மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார். அதில் இருந்தவை ஔரங்கசீப் காலத்து, சூரத் நாணயசாலையில் 1702 வாக்கில் அடித்த வெள்ளி ரூபாக்கள். ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய மூட்டைகளின் துணி போய், காசுகள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டிகளாக உறைந்து கிடந்தன. வெளிக்காசுகளைக் கடல் தின்றிருந்தது.

கரையில் இருந்தாலும் கடற்காற்று வெள்ளியைக் கருக்கும். காற்றிலுள்ள கந்தகம்தான் காரணம். இறுக மூடிய பையில் வைத்தால் கருமை தாமதமாகும். கருத்தாலும் கவலையில்லை, வெள்ளிக்குச் சேதமில்லை, துடைத்தால் போய்விடும். பல கைவினைஞர்கள் வேலியின் அடியிலும் செதுக்கு வேலையின் பள்ளத்திலும் வேண்டுமென்றே கருமையை விட்டுவைப்பார்கள், நீலம் எடுப்பாகத் தெரியும் என்று. அதைத் தேய்த்தெடுத்துவிடாதீர்கள்.

இலங்கையில் இரத்தினக்கற்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பு, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கு உண்டு. அதன் ஆய்வுகூடம் கொழும்பில் இருக்கிறது. ஒரு சிறு மோதிரத்துக்காகத் திருகோணமலையிலிருந்து அவ்வளவு தூரம் போக எல்லோராலும் முடியாது. ஆனால் கடையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பற்றுச்சீட்டில் மூன்று விடயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: கல் இயற்கையானதா, பிசின் ஏற்றியதா, செயற்கையா என்பது ஒன்று, வெள்ளி 925 தானா என்பது இரண்டு, மோதிரம் கையால் செய்ததா, வார்த்ததா என்பது மூன்று. நேர்மையான வணிகர் தயங்காமல் எழுதிக் கையொப்பமிடுவார். எழுதித் தர மறுப்பவரிடம், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், இயற்கைக் கல்லுக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள்.